ஜாக் தி ரிப்பர்: அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டன் வைட்சேப்பல் கொலைகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே, கொலைகாரன் யார் என்ற கேள்விக்கு அடுத்ததாக அவன் பெயரைப் பற்றிய சந்தேகங்கள்தான் வரிசை கட்டி வரும். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். முதல் சில பதில்கள் அடிப்படையானவை. போகப் போகச் சிக்கலான விஷயங்கள் வரும்.

யாருங்க இந்த ஜாக் தி ரிப்பர்? சுருக்கமா சொல்லுங்க.

1888ஆம் ஆண்டு லண்டனின் கிழக்குப் பகுதியில், வைட்சேப்பலிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் ஏழைப் பெண்களைக் கழுத்தறுத்துக் கொன்றவனுக்கு வைக்கப்பட்ட பெயர் இது. அவன் கடைசிவரை பிடிபடவில்லை. பொதுவாக அவன் கணக்கில் வைக்கப்படுபவர்கள் ஐந்து பேர். மேரி ஆன் நிக்கல்ஸ் ஆகஸ்ட் 31 அன்று பக்ஸ் ரோவில் கொல்லப்பட்டார். ஆனி சாப்மன் செப்டம்பர் 8 அன்று ஹான்பரி தெரு 29ஆம் எண் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கிடந்தார். எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எடோஸ் இருவரும் செப்டம்பர் 30 அதிகாலையில், ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். மேரி ஜேன் கெல்லி நவம்பர் 9 அன்று மில்லர்ஸ் கோர்ட்டில் தன் அறைக்குள்ளேயே கொல்லப்பட்டார்.

போலீஸ் கோப்பு இதைவிடப் பெரியது. 1888 ஏப்ரல் முதல் 1891 பிப்ரவரி வரை நடந்த 11 கொலைகள் 'வைட்சேப்பல் கொலைகள்' என்ற தலைப்பில் அதில் இருக்கின்றன. அந்தப் பதினொன்றும் ஒரே ஆளின் வேலை என்று யாரும் நிரூபித்ததில்லை.

அப்போ அவன் நிஜப் பேரு ஜாக்கா?

இல்லை. அவன் பெயர் யாருக்கும் தெரியாது. 'ஜாக் தி ரிப்பர்' என்பது ஒரு கடிதத்தின் அடியில் இருந்த கையொப்பம், அவ்வளவுதான். அந்தக் கடிதத்தை எழுதியது கொலைகாரன்தான் என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. பத்திரிகைத் தொழிலில் இருந்த ஒருவர் எழுதியது என்பதற்குத்தான் சாட்சியங்கள் கூடுதல். இந்தப் பக்கத்தில் வரும் பதில்கள் பெரும்பாலும் அந்த ஒரு கடிதத்தைச் சுற்றியே இருக்கும்.

அந்தப் பேரு முதல் முதலா எதுல வந்துச்சு?

1888 செப்டம்பர் 25 தேதியிட்ட கடிதத்தில். அன்று செவ்வாய்க்கிழமை. தபால் முத்திரை 27ஆம் தேதி, லண்டன் கிழக்கு மத்தியப் பகுதி. உறையின் மேல் முகவரி, 'தி பாஸ், சென்ட்ரல் நியூஸ் ஆபீஸ், லண்டன் சிட்டி'. கடிதமும் 'டியர் பாஸ்' என்றே தொடங்குவதால், ஆய்வாளர்கள் எல்லோரும் இதை 'டியர் பாஸ்' கடிதம் என்றே சொல்வார்கள்.

சென்ட்ரல் நியூஸ்காரர்கள் அதை இரண்டு நாள் தங்களிடமே வைத்திருந்தார்கள். சனிக்கிழமை 29ஆம் தேதி ஸ்காட்லாந்து யார்டுக்கு, தலைமைக் கான்ஸ்டபிள் வில்லியம்சனின் பெயருக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் முன்பு வந்தது, விளையாட்டு என்று எடுத்துக்கொண்டோம் என்று ஒரு குறிப்பும் உடன் இருந்தது. அது போய்ச் சேர்ந்த அன்றிரவு விடிவதற்குள் ஸ்ட்ரைடும் எடோஸும் கொல்லப்பட்டார்கள். இந்தக் கால ஒற்றுமை மட்டும் இல்லாமல் போயிருந்தால், அந்தத் தாள் கோப்பில் கிடந்து மக்கிப் போயிருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

அந்தக் கடிதத்துல அப்படி என்ன எழுதியிருந்தான்?

முழுவதும் சிவப்பு மை. போலீஸ் தன்னைப் பிடித்துவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள், ஆனால் இன்னும் பிடிக்கவில்லை என்ற கேலியோடு ஆரம்பிக்கிறது. லெதர் ஏப்ரன் (கொலைகாரனுக்கு அப்போது ஓடிய பட்டப்பெயர், அடுத்த பதிலில் வரும்) விஷயம் தனக்கு நல்ல வேடிக்கை என்கிறது. தனக்கு விலைமாதர்கள் மேல் கோபம், மாட்டும்வரை அவர்களைக் கிழிப்பதை நிறுத்தப் போவதில்லை என்கிறது. போன 'வேலை'யின்போது கொஞ்சம் ரத்தத்தை ஒரு ஜிஞ்சர் பீர் பாட்டிலில் எடுத்து வைத்தேன், எழுதப் போனால் பசை மாதிரி கெட்டியாகிவிட்டது, அதனால் சிவப்பு மை என்று ஒரு விளக்கம். அடுத்த முறை பெண்ணின் காதுகளை வெட்டி போலீசுக்கு அனுப்புகிறேன் என்று ஒரு சபதம். இன்னும் கொஞ்சம் வேலை முடிக்கும்வரை கடிதத்தை வெளியே விடாமல் வைத்திருந்து, பிறகு வெளியிடு என்று ஓர் அறிவுரை.

கையொப்பத்துக்குக் கீழே, தொழில் பெயரைச் சொல்கிறேன், தப்பாக நினைக்காதே என்று ஒரு வரி. அதற்கும் கீழே சிவப்பு கிரேயானில் இன்னொரு பின்குறிப்பு. கையில் ஒட்டிய சிவப்பு மை போகும்வரை தபாலில் போட முடியவில்லை, இப்போது என்னை டாக்டர் என்கிறார்களாம் என்று ஒரு சிரிப்பு. எப்போது வெளியிட வேண்டும் என்பதுவரை சொல்லிக் கொடுக்கும் இந்தக் கடிதத்தில், கொலை நடந்த இடங்களைப் பற்றி நாளிதழில் வராத தகவல் ஒன்றுகூட இல்லை.

பேரு வர்றதுக்கு முன்னாடி ஜனங்க அவனை எப்படிச் சொன்னாங்க?

'வைட்சேப்பல் கொலைகாரன்' என்பதே பொதுப்பெயர். செப்டம்பர் முதல் வாரத்தில் 'லெதர் ஏப்ரன்' என்ற பெயர் பற்றிக்கொண்டது. தோல் ஏப்ரன் கட்டிய ஒரு யூதன் தெருப்பெண்களை மிரட்டிப் பணம் பறிக்கிறான் என்ற பேச்சை 'ஸ்டார்' மாலை நாளிதழ் பெரிதாக ஊதிவிட்டது. டி. பி. ஓகானர் ஆசிரியராக இருந்த அந்த அரை பென்னி நாளிதழ் தொடங்கி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 8 அன்று ஹான்பரி தெருக் கொல்லையில், தண்ணீர்க் குழாய் அருகே நனைந்த தோல் ஏப்ரன் ஒன்று கிடைத்ததும் தீயில் எண்ணெய் ஊற்றியது போலாயிற்று. அந்த ஏப்ரன் அங்கே குடியிருந்த ஒரு பெண்ணின் மகனுடையது, அவர் துவைத்துப் போட்டிருந்தது என்பது பிறகு தெரிந்தது.

செப்டம்பர் 10 அன்று ஜான் பைசர் என்ற செருப்புத் தொழிலாளியைப் பிடித்துவந்தார்கள். நிக்கல்ஸ் கொல்லப்பட்ட இரவில் அவர் ஹாலோவே சாலையில் ஒரு போலீஸ்காரரோடு துறைமுகத் தீ விபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது உறுதியாயிற்று. மரண விசாரணையிலேயே அவர்மேல் குற்றமில்லை என்று ஆனது. ஆனால் அதற்குள் தெருவில் யூதர்களைக் கண்டால் கூட்டம் விரட்டத் தொடங்கியிருந்தது. பட்டப்பெயர் ஒன்று அச்சில் ஏறிவிட்டால் நிஜ மனிதர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு பைசர்தான் சாட்சி. அதே மாதக் கடைசியில் ஆளே இல்லாத ஒரு பெயர் வந்து லெதர் ஏப்ரனை ஓரங்கட்டியது.

சரி, ஏன் 'ஜாக்'? ஏன் 'ரிப்பர்'?

ஜாக் என்பது இங்கிலாந்தில் சாமானிய ஆணுக்குப் பொதுப்பெயர். கூடவே, அடங்காதவன், அச்சமூட்டுகிறவன் என்றாலும் ஜாக்தான். 1724இல் தூக்கிலிடப்பட்ட திருடன் ஜாக் ஷெப்பர்ட், 1774இல் தூக்கிலேறிய வழிப்பறிக்காரன் 'பதினாறு கயிறு ஜாக்', பதினேழாம் நூற்றாண்டின் தூக்குப்போடும் ஊழியன் ஜாக் கெட்ச் என்று வரிசை நீளம். 1837 முதல் லண்டனைக் கலக்கிய, மதில்களைத் தாவுவதாகச் சொல்லப்பட்ட 'ஸ்பிரிங் ஹீல்டு ஜாக்' ஒரு பென்னி திகில் கதைகளின் நாயகனாகவே ஆகியிருந்தான். அந்தக் கதைகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு 'ஜாக்' என்றதுமே ஓர் உருவம் கண்முன் வந்துவிடும்.

ரிப்பர் என்றால் கிழிப்பவன். நிக்கல்ஸ், சாப்மன் இருவர் உடல்களிலும் வயிறு கிழிக்கப்பட்டிருந்தது நாளிதழ்களில் விவரமாக வந்திருந்தது. கடிதத்தின் நடுவிலும் 'கிழிப்பது' என்ற வினை வருகிறது, கையொப்பம் அதிலிருந்தே பிறந்தது. லிவர்பூலில் 1880களில் 'ஹை ரிப்' என்ற அடிதடிக் கும்பல் பேர்போனது. அதன் எதிரொலி இதில் இருக்கலாம் என்று கருதுகிறவர்களும் உண்டு. எப்படியானாலும், தெரிந்த பெயரும் பயங்கரமான வினையும் சேர்ந்த கையொப்பம் இது. தலைப்புச் செய்திக்கென்றே அளவெடுத்தது போல இருக்கிறது.

கொலைகாரன் போலீசுக்கு எழுதாம செய்தி ஏஜென்சிக்கு ஏன் எழுதணும்?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சென்ட்ரல் நியூஸ் வாசகர்கள் காசு கொடுத்து வாங்கும் நாளிதழ் அல்ல. நாளிதழ் அலுவலகங்களுக்குத் தந்தி மூலம் செய்தி விற்கும் நிறுவனம். வைட்சேப்பலில் ஒரு சாதாரண ஆளிடம் நாளிதழ் பெயர் கேட்டால் 'ஸ்டார்' என்றோ 'டெய்லி டெலிகிராஃப்' என்றோ சொல்லியிருப்பான். செய்தி நிறுவனத்துக்கு அனுப்பினால் ஒரே நேரத்தில் எல்லா நாளிதழுக்கும் போகும் என்ற சூட்சுமம் அந்தத் தொழிலில் இருப்பவருக்குத்தான் சட்டென்று தோன்றும்.

'பாஸ்' என்ற சொல்லும் அப்போது அமெரிக்கப் பேச்சாகவே பார்க்கப்பட்டது. அதை வைத்துக் கொலைகாரன் அமெரிக்கன் என்று கிளம்பியவர்கள் உண்டு. அமெரிக்கப் பாணிப் பத்திரிகை நடை லண்டனுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம் அது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தச் சொல் வேறு திசையைக் காட்டும்.

ரெண்டாவதா ஒரு போஸ்ட் கார்டு வந்துச்சாமே?

வந்தது. 'சாசி ஜாக்கி' (துடுக்கு ஜாக்கி) அட்டை என்பார்கள். முத்திரை அக்டோபர் 1, திங்கட்கிழமை. அதுவும் சென்ட்ரல் நியூஸுக்கே வந்தது. இம்முறை இரட்டை நிகழ்ச்சி, முதல் பெண் கொஞ்சம் அலறினாள், முழுதாக முடிக்க முடியவில்லை, காதுகளை எடுக்க நேரம் இல்லை, முதல் கடிதத்தை நான் வேலையில் இறங்கும்வரை வெளியிடாமல் வைத்ததற்கு நன்றி என்று எழுதியிருந்தது. அசல் அட்டை தொலைந்துவிட்டது. நம்மிடம் இருப்பது அப்போதே எடுத்த அச்சு நகல்.

நாளிதழில் வருமுன்பே இரட்டைக் கொலை எப்படித் தெரிந்தது என்று பலரும் கேட்பார்கள். ஸ்ட்ரைடின் உடல் ஞாயிறு அதிகாலை 1 மணிக்கும், எடோஸின் உடல் 1.45க்கும் கண்டுபிடிக்கப்பட்டன. அன்று காலையிலிருந்தே கிழக்கு லண்டன் முழுக்க இதே பேச்சு. செய்தியாளர்கள் இரு இடங்களிலும் குவிந்திருந்தார்கள். மறுநாள் முத்திரை விழுந்த அட்டையில் அந்தச் செய்தி இருந்ததில் அதிசயம் இல்லை.

உற்றுப் பார்க்க வேண்டியது வேறொன்று. முதல் கடிதத்தின் வாசகம் பொதுமக்கள் கண்ணில் பட்டதே அக்டோபர் 1 திங்கள் காலையில்தான். அட்டையோ சாசி ஜாக்கியின் வேலையை நாளைக்குக் கேள்விப்படுவாய் என்று சொல்கிறது. அதாவது ஞாயிறன்று எழுதிய தோரணை. அது உண்மையானால், அதை எழுதியவர் முதல் கடிதத்தை எழுதியவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதைப் படித்தவராக இருக்க வேண்டும். படித்தவர்கள் சென்ட்ரல் நியூஸிலும் ஸ்காட்லாந்து யார்டிலும் மட்டுமே இருந்தார்கள்.

காதை வெட்டுவேன்னு சொன்னான், எடோஸ் காது வெட்டுப்பட்டிருந்துச்சே! இதுக்கு என்ன சொல்றீங்க?

எடோஸின் வலது காது மடலின் நுனி அறுபட்டிருந்தது உண்மை. ஆனால் அவர் முகம் முழுக்கக் கத்தி விளையாடியிருந்தது. மூக்கு, இமைகள், கன்னங்கள் எல்லாவற்றிலும் காயம். அந்தக் கோரத்தில் மடல் அறுபட்டது தனி நோக்கம் என்று சொல்ல வழியில்லை. சபதமோ இரு காதுகளையும் வெட்டி போலீசுக்கு அனுப்புவது. அப்படி எதுவும் எந்த நிலையத்துக்கும் வரவில்லை.

அட்டை சொல்லும் 'நேரம் இல்லை' என்ற சாக்கும் நிற்காது. மைட்டர் சதுக்கத்தின் இருட்டில் எடோஸின் இடது சிறுநீரகத்தை எடுத்துக்கொண்டு போக அவனுக்கு நேரம் இருந்தது. காதை வெட்ட அதில் ஒரு பங்கு நேரம்கூட வேண்டாம்.

ஒரே ஒரு கடிதம். அது எப்படி ஊரெல்லாம் பரவுச்சு?

பாதிப் பொறுப்பு நாளிதழ்களுடையது, மீதிப் பாதி போலீசுடையது. திங்கள் காலை வாசகம் அச்சானது. அதோடு நின்றிருந்தால் லெதர் ஏப்ரன் மாதிரி இரண்டு வாரத்தில் இதுவும் அடங்கியிருக்கலாம். அக்டோபர் 3 தேதியிட்டு, கடிதம், அட்டை இரண்டின் கையெழுத்தையும் அப்படியே அச்சு நகலெடுத்து, இந்தக் கையெழுத்தை அடையாளம் தெரிந்தவர்கள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் சொல்லவும் என்று மெட்ரோபாலிடன் போலீஸ் சுவரொட்டி போட்டது. நிலையங்களின் வாசலில் ஒட்டினார்கள். அடுத்த நாளே நாளிதழ்களும் அந்த நகலை அச்சிட்டன.

எழுதியவரைப் பிடிக்கச் செய்த அந்தக் காரியம் நேர்மாறான வேலையைச் செய்தது. கையொப்பத்துக்கு அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்தது போலாயிற்று. எப்படி எழுத வேண்டும், எந்த மை, எந்தச் சிரிப்பு என்று ஊரிலுள்ள வம்பர்களுக்கெல்லாம் ஒரு மாதிரி கிடைத்தது. அதற்குப் பிறகுதான் கடித வெள்ளம்.

போலீஸ் அதை நம்புனாங்களா?

ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்தான். ஆணையர் சார்லஸ் வாரன் அக்டோபர் 10 அன்று உள்துறைக்கு எழுதியபோது, இப்போதைக்கு இது முழுக்கப் புரளி என்றே நினைக்கிறேன், இருந்தாலும் எழுதியவரைக் கண்டுபிடிக்க முயல்வது எங்கள் கடமை என்று குறிப்பிட்டார். சுவரொட்டி ஒட்டி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நம்பித்தான் ஒட்டினார்கள் என்று நினைப்பது தவறு.

அப்போ எழுதுனது யாரு? பேரைச் சொல்லுங்க.

மூன்று பெயர்கள் அடிபடுகின்றன. முதல் இரண்டு சென்ட்ரல் நியூஸில் வேலை பார்த்த தாமஸ் புல்லிங்கும் அவருடைய மேலாளர் சார்லஸ் மூரும். கடிதத்தை ஸ்காட்லாந்து யார்டுக்கு அனுப்பிவைத்தவரே புல்லிங்தான். 1888இல் போலீஸ் சிறப்புப் பிரிவின் தலைவராக இருந்த ஜான் லிட்டில்சைல்டு, 1913 செப்டம்பர் 23 அன்று பத்திரிகையாளர் ஜார்ஜ் சிம்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். சென்ட்ரல் நியூஸின் 'டாம் புல்லன்'தான் (புல்லிங்கை அப்படிக் குறிப்பிட்டிருந்தார்) அந்தப் பெயரின் கர்த்தா என்று யார்டில் பொதுவாக நம்பினார்கள், ஆனால் அதைப் புனைந்தது அவருடைய மேலாளர் மூராக இருக்கக்கூடும் என்பது அதன் சாரம். இந்தக் கடிதம் 1993இல்தான் ஆய்வாளர்கள் கைக்கு வந்தது. எழுதியவர் உள்ளே இருந்த அதிகாரி, பெயர் சொல்லி எழுதியிருக்கிறார் என்பதால் இதற்கு எடை அதிகம். அதே சமயம் சம்பவம் நடந்து 25 வருடம் கழித்து, நினைவிலிருந்து எழுதியது என்பதையும் மறக்கக் கூடாது.

வேறு இரண்டு உயர் அதிகாரிகளும் இதையே பெயர் சொல்லாமல் சொன்னார்கள். துணை ஆணையர் ராபர்ட் ஆண்டர்சன் 1910இல் வந்த தன் நினைவுக் குறிப்பில், அது துடிப்பான ஒரு லண்டன் பத்திரிகையாளரின் படைப்பு என்றார். மெல்வில் மக்னாட்டன் 1914இல், அதில் செய்தியாளனின் மை படிந்த விரலைப் பார்க்க முடிகிறது, ஒரு வருடம் கழித்து எழுதியவர் யார் என்று ஊகித்தும்விட்டேன் என்றார். ஆனால் கடிதம் வந்தபோது ஆண்டர்சன் ஸ்விட்சர்லாந்தில் மருத்துவ விடுப்பில் இருந்தார், மக்னாட்டனோ 1889இல்தான் வேலையில் சேர்ந்தார். அலுவலகத்தில் பேசிக்கொண்டதைத்தான் இருவரும் பதிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது பெயர் 'ஸ்டார்' நாளிதழுக்குச் செய்தி எழுதிய ஃபிரெடரிக் பெஸ்ட். விஷயம் ஆறிப்போகாமல் இருக்க நானும் ஒரு சகாவும்தான் ரிப்பர் கடிதங்களை எழுதினோம் என்று அவர் 1931இல் ஒருவரிடம் ஒப்புக்கொண்டதாக, 1966இல் ஒரு இதழில் வந்தது. கேட்டவர் சொல்லி, 35 வருடம் கழித்து அச்சான செய்தி. லிட்டில்சைல்டு கடிதத்தோடு ஒப்பிட்டால் இது பலவீனமானது.

புல்லிங் மேல சந்தேகப்பட வேற காரணம் இருக்கா?

இருக்கிறது. அக்டோபர் 5 அன்று மூன்றாவதாக ஒரு கடிதம் வந்ததாகச் சொல்லி அவர் வில்லியம்சனுக்கு எழுதினார். முந்தைய இரண்டின் கையெழுத்தேதான், உறையைப் பாருங்கள் என்று உறையை இணைத்தார். கடிதத்தை மட்டும் இணைக்கவில்லை. அதன் வாசகத்தைத் தன் கையாலேயே பிரதி எடுத்து அனுப்பினார். மோவாபு, மீதியான் என்ற விவிலியப் பெயர்கள் வருவதால் அதை 'மோவாபும் மீதியானும்' கடிதம் என்பார்கள். லண்டனே தேடிக்கொண்டிருக்கும் கையெழுத்தில் ஒரு கடிதம் கையில் இருக்கும்போது, உறையைக் கொடுத்துவிட்டுத் தாளை வைத்துக்கொள்வானேன்? நேரான பதில் இதற்கு இதுவரை இல்லை.

கம்ப்யூட்டர்ல ஆராய்ச்சி பண்ணி கண்டுபிடிச்சிட்டாங்கன்னு படிச்சேனே?

2018இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் தடயவியல் மொழியியலாளர் ஆண்ட்ரியா நீனி வெளியிட்ட ஆய்வைத்தான் படித்திருப்பீர்கள். ரிப்பர் பெயரிலும் அதையொட்டியும் வந்த 209 வாசகங்களை எடுத்து, எந்தெந்தச் சொற்சேர்க்கைகள் எதெதில் ஒன்றாக வருகின்றன என்று ஒப்பிட்டார். 'டியர் பாஸ்' கடிதமும் 'சாசி ஜாக்கி' அட்டையும் ஒரே ஆள் எழுதியவை என்பதற்கு வலுவான ஆதாரம் கிடைத்தது. வெளியிடாமல் நிறுத்திவைப்பது என்ற பொருளில் வரும் ஒரு சொற்றொடர் அவற்றில் முக்கியமானது. 'மோவாபும் மீதியானும்' கடிதத்துக்கும் இவற்றோடு உறவு தெரிகிறது.

எழுதியவர் இன்னார் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அட்டை தனி ஆளின் போலி என்ற வாதத்தைத்தான் அது பலவீனப்படுத்தியது. மேலே போஸ்ட் கார்டு பற்றிச் சொன்ன தேதிக் கணக்கோடு இது பொருந்திப் போகிறது.

கிட்னி வெச்சு அனுப்புன கடிதத்துலயும் இந்தப் பேருதானே இருந்துச்சு?

இல்லை. பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. அக்டோபர் 16 அன்று வைட்சேப்பல் கண்காணிப்புக் குழுத் தலைவர் ஜார்ஜ் லஸ்க்குக்கு ஓர் அட்டைப் பெட்டியில் பாதிச் சிறுநீரகமும் ஒரு கடிதமும் வந்தன. 'நரகத்திலிருந்து' என்று தொடங்கி, முடிந்தபோது என்னைப் பிடி என்று அது முடியும். ஜாக் தி ரிப்பர் என்ற கையொப்பம் அதில் கிடையாது. நாடெங்கும் அந்தப் பெயரில் எழுதிக் குவித்த அக்டோபரில் இவர் மட்டும் அதைத் தொடவில்லை. கையெழுத்தும் எழுத்துப்பிழைகளும் 'டியர் பாஸ்' கடிதத்துக்குச் சற்றும் ஒத்துவராதவை.

சிறுநீரகம் சாராயத்தில் ஊறவைத்தது, மனிதருடையது என்பதுவரை மருத்துவர்கள் சொன்னார்கள். எடோஸுடையது என்று நிரூபணம் ஆகவில்லை. கொலைகாரன் எழுதியது என்று ஒரு கடிதத்தைப் பரிசீலிக்க வேண்டுமானால் இதைத்தான் எடுக்க வேண்டும் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. மருத்துவ மாணவர்களின் குறும்பு என்ற எண்ணமும் அன்றே இருந்தது. கடிதத்தின் அசல் காணாமல் போய்விட்டது, புகைப்படம்தான் இருக்கிறது.

செப்டம்பர் 17லயே அந்தப் பேர்ல ஒரு கடிதம் இருக்குன்னு சொல்றாங்களே?

இருக்கிறது, ஆனால் நம்ப முடியாது. 1988இல், நூறாண்டு கழித்து, ஆவணக் காப்பகக் கோப்புகளுக்கு நடுவே கிடைத்ததாகச் சொல்லப்படும் தாள் அது. செப்டம்பர் 17 தேதியிட்டிருந்தாலும், அதற்குப் பின் வந்த 'டியர் பாஸ்' கடிதத்தின் சாயலும், லஸ்க்குக்கு வந்த கடிதத்தின் சாயலும் ஒன்றாக அதில் இருக்கின்றன. இரண்டையும் படித்த பிற்கால ஆள் ஒருவர் எழுதிச் செருகியது என்பதே பெரும்பாலானோர் முடிவு.

செப்டம்பர் 24 தேதியிட்டு வாரனுக்கு வந்த ஒரு கடிதம் நிஜமாகவே 'டியர் பாஸ்' கடிதத்துக்கு முந்தியது. சரணடைய ஆசை என்று எழுதியிருந்தது, சவப்பெட்டிப் படம் வரைந்திருந்தது. ரிப்பர் என்ற பேச்சே அதில் இல்லை.

மொத்தம் எத்தனை கடிதம் வந்துச்சு? எழுதுனவங்க யாராவது மாட்டுனாங்களா?

இன்று லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் மெட்ரோபாலிடன் போலீஸ் சேர்த்துவைத்தவை 200க்கு மேல் இருக்கின்றன. எடோஸ் கொலை, லண்டனின் சிட்டி பகுதிக்கென்று தனியாக இருந்த சிட்டி போலீஸ் எல்லைக்குள் நடந்ததால் அவர்களிடம் வந்தவை தனிக் கோப்பு, லண்டன் மாநகர ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நாளிதழ்களுக்கும் தனியாருக்கும் போனவற்றுக்குக் கணக்கே இல்லை.

மாட்டியவர்களும் உண்டு. அக்டோபரில் பிராட்ஃபோர்டில் மரியா கொரோனர் என்ற 21 வயதுப் பெண், ஜாக் தி ரிப்பர் என்று கையெழுத்திட்டு எழுதியதற்காகப் பிடிபட்டார். கொலைக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அசல் 'டியர் பாஸ்' கடிதம் இப்போ எங்க இருக்கு?

கியூ காப்பகத்தில், மெப்போ 3/3153 என்ற எண்ணில். நடுவில் பல ஆண்டுகள் அது போலீஸ் கோப்பிலிருந்து மாயமாகியிருந்தது. 1987 நவம்பரில், கிராய்டன் முத்திரையோடு, அனுப்பியவர் பெயர் இல்லாத ஓர் உறையில் வேறு சில பழைய ஆவணங்களோடு ஸ்காட்லாந்து யார்டுக்குத் திரும்பி வந்தது. பொதுவான ரிப்பர் கடிதங்கள் இருக்கும் கோப்பு மெப்போ 3/142.

யார்க்ஷயர் ரிப்பருக்கும் இதுக்கும் ஏதாவது தொடர்பா?

கொலைகளுக்குத் தொடர்பில்லை. பெயருக்கும் கடிதங்களுக்கும் உண்டு. 1975க்குப் பிறகு வட இங்கிலாந்தில் பெண்களைக் கொன்றவனுக்கு நாளிதழ்கள் பழைய பெயரையே ஊர் சேர்த்து வைத்தன. 1978 மார்ச்சில் சண்டர்லாந்து முத்திரையோடு 'ஜாக் தி ரிப்பர்' கையொப்பமிட்ட கடிதங்கள் வரத் தொடங்கின. 1979 ஜூனில் 'நான்தான் ஜாக்' என்று ஆரம்பிக்கும் ஒலிநாடா வந்தது. 1888இன் கடிதங்களைப் பார்த்து எழுதியவை அவை.

இந்த முறை போலீஸ் நம்பிவிட்டது. சண்டர்லாந்துப் பக்கத்துப் பேச்சுவழக்கு உள்ளவனைத் தேடினார்கள். கொலைகாரன் பீட்டர் சட்கிளிஃபோ பிராட்ஃபோர்டுக்காரன், பேச்சு அப்படி இல்லாததால் தப்பினான். ஒலிநாடாவுக்குப் பிறகு மேலும் மூன்று பெண்களைக் கொன்றான். 1981 ஜனவரியில்தான் பிடிபட்டான். போலிக் கடிதம் எழுதிய ஜான் ஹம்பிள், உறையின் பசையில் ஒட்டியிருந்த எச்சிலின் டிஎன்ஏ மூலம் 2005இல் மாட்டினார். 2006இல் எட்டாண்டுச் சிறை. வாரன் 1888இல் காட்டிய சந்தேகம் தொண்ணூறு வருடம் கழித்துக் காட்டப்படவில்லை. அதன் விலை மூன்று உயிர்கள்.

வீடியோவிலும் புத்தகத்திலும் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதை நம்பறதுன்னு எப்படிப் பார்க்கிறது?

முதலில் தேதியைப் பாருங்கள். 1888 அக்டோபர் 1க்கு முன் மக்கள் வாயில் 'ரிப்பர்' என்ற பெயர் வருவதாக ஒரு காட்சியோ வரியோ இருந்தால் அது தவறு. ஆகஸ்டில் நிக்கல்ஸின் உடலைச் சுற்றி நின்றவர்கள் அந்தப் பெயரைச் சொல்லியிருக்க முடியாது.

அடுத்து, கடிதத்தில் உள்ள தகவல் அது எழுதப்படும் முன்பே அச்சில் வந்துவிட்டதா என்று பாருங்கள். அக்கால நாளிதழ்கள் மின்வடிவில் தேடக் கிடைக்கின்றன. கடிதத் தேதிக்கு முந்தைய பத்து நாள் இதழ்களைப் புரட்டினாலே பெரும்பாலான 'ரகசியங்கள்' அங்கே கிடக்கும். பிறகு அசல் தாள் இருக்கிறதா, நகலா, யாரோ எடுத்த பிரதியா என்று கேளுங்கள். அட்டைக்கு நகல் மட்டும், மூன்றாவது கடிதத்துக்குப் புல்லிங்கின் பிரதி மட்டும். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் மூன்றையும் ஒரே தட்டில் வைக்கும் நூலைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு படியுங்கள்.

கடிதத்தின் குணத்தைக் கொலைகாரனுக்கு ஏற்றுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை. அவன் நையாண்டிக்காரன், போலீசோடு விளையாடினான், படித்தவன், அமெரிக்கன் என்பவை எல்லாம் கடிதத்திலிருந்து எடுத்தவை. கடிதத்தை விலக்கினால் அவற்றில் ஒன்றும் மிஞ்சாது.

பேரே போலின்னா, எழுதும்போது எந்தப் பேரைப் போடறது?

அக்டோபருக்கு முந்தைய சம்பவங்களுக்கு 'வைட்சேப்பல் கொலைகாரன்' என்பதே பொருத்தம், அன்றைய வழக்கும் அதுதான். பொதுவாக எழுதும்போது ஜாக் தி ரிப்பர் என்று போடுவதில் தவறில்லை. அந்தப் பெயர் செய்தி நிறுவனத்துக்கு வந்த கடிதத்தில் இருந்தது என்று ஓரிடத்தில் சொல்லிவிடுங்கள். கொல்லப்பட்ட ஐவரின் முழுப்பெயரையும் எழுதுங்கள். 'ரிப்பரின் மூன்றாவது பலி' என்று எண் போட்டு எழுதும் பழக்கத்தை விட்டுவிடலாம். அது எலிசபெத் ஸ்ட்ரைடின் பெயரை எடுத்துவிட்டு, யாரோ புனைந்த பெயரை அந்த இடத்தில் வைக்கிறது.

எழுதுனவர் யாருன்னு இனிமேல் உறுதியா நிரூபிக்க முடியுமா?

டிஎன்ஏ வழி கடினம். ஹம்பிள் விஷயத்தில் உறை போலீஸ் வசமிருந்து வந்தது, ஒப்பிட அவருடைய மாதிரியும் இருந்தது. 'டியர் பாஸ்' கடிதமோ நூறாண்டில் எத்தனையோ கைகள் பட்டு, பல ஆண்டுகள் யாரிடம் இருந்தது என்றே தெரியாமல் திரும்பியது. அதில் எதைக் கண்டெடுத்தாலும் எழுதியவருடையது என்று சொல்ல முடியாது.

கையெழுத்து ஒப்பீட்டில் கொஞ்சம் வழி இருக்கிறது. புல்லிங் தன் பெயரில் ஸ்காட்லாந்து யார்டுக்கு எழுதிய குறிப்புகள் கோப்பில் இருக்கின்றன. ஆனால் 'டியர் பாஸ்' ஒரு குமாஸ்தாவின் சீரான எழுத்தில், வேண்டுமென்றே அழகாக எழுதப்பட்டது. அவசரக் குறிப்போடு அதை ஒப்பிட்டு உறுதியாகச் சொல்வது சிரமம். தொலைந்த அட்டையோ, அக்டோபர் 5 கடிதத்தின் அசல் தாளோ எங்காவது ஒரு பழைய குடும்பப் பெட்டியிலிருந்து வெளிவந்தால் கதை மாறலாம். 1987இல் கிராய்டனிலிருந்து ஓர் உறை வந்தது, 1993இல் லிட்டில்சைல்டு கடிதம் வந்தது. இந்த விஷயத்தில் புது ஆதாரம் இப்படித்தான் வந்திருக்கிறது.